கிடங்கோடு வந்தவர்

சென்ற புதன்கிழமை காலை நம் கடை ரஃபீக் தொலைபேசியில் அழைத்து, "சார், மேஸ்திரி நம்மள வுட்டுப் போயிட்டாரு" என்றார். நான் உடனே பக்கத்தில் இருந்த தாளை இழுத்து, எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, அடக்கம் எங்கே, மாலை யார் வாங்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தபோதுதான் இறந்திருப்பது யார் என்பது எனக்கு உறைத்தது. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வரைபடப் பிரிவில் உட்கார்ந்திருந்தவனுக்குத் துக்கமும் பட்டியலாகத்தான் வந்து சேர்கிறது. ரஃபீக் மறுமுனையில் பொறுமையாக இருந்துவிட்டு, "எளுதிட்டீங்களா சார்? இப்ப அளுதுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரேசர் டவுனில் இருக்கும் நம் நியாய வணிகக் கடைக்கு வந்து போகும் உங்கள் எல்லோருக்கும் சின்னப்பன் மேஸ்திரியைத் தெரியும். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை, வலது தோளில் மடித்துப் போட்ட சிவப்புத் துண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரப்பொம்மையை அரிசி மூட்டையைப் போல இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, "லேசுதான் மேடம், ஆனா பாத்துப் புடிங்க" என்று உங்களிடம் நீட்டியிருப்பார். இவரை எங்கே பிடித்தீர்கள் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. இந்த அஞ்சலியை எழுதும்படி கடையின் கமிட்டி என்னைப் பணித்திருக்கிறது. அதற்கு நான் தகுதியானவனா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஐயத்துக்கான காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுத எனக்குக் கை வராது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓய்வு பெற்ற புதிது. அல்சூரில் எங்கள் தெருவில் இருந்த லலிதா மேடம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். கூடை முடைபவர்கள், ஜமக்காளம் நெய்பவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள் ஆகியோரிடம் தரகர் இல்லாமல் நேரே வாங்கி, செய்தவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்க ஒரு கடை வேண்டும் என்று அவர் சிலரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். "வரதன் சார், உங்க கையெழுத்து நல்லா இருக்கு. நீங்கதான் செயலாளர்" என்றார். மறுத்துப் பேச எனக்கு வராது. இடம் தேடியபோது பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள் பழைய மிளகாய்க் கிடங்கு காலியாகிறது என்று தெரிந்தது. மொத்த வியாபாரமெல்லாம் ஊருக்கு வெளியே போய்விட்டதால் அதன் முதலாளி வாடகைக்கு விடத் தயாராக இருந்தார்.

நாங்கள் பார்க்கப் போன அன்று உள்ளே கால் வைத்ததும் லலிதா மேடம் தும்மினார். நான் தும்மினேன். ஆட்டோக்காரர் வாசலில் நின்றபடியே தும்மினார். கடைசி மிளகாய் மூட்டைகளின் மேல் நான்கு பேர் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஹமாலி என்று சொல்லும் மூட்டை தூக்கும் ஆட்கள். நான் அளவு நாடாவை விரித்துச் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தெட்டு அடி சார்" என்றார் அவர்களில் பெரியவர்.

"இன்னும் அளந்து முடிக்கல."

"அளந்துக்குங்க. நான் சொல்லல. இங்க இருந்து அந்தச் செவுரு பதினாறு எட்டு. மூட்டை தோள்ல இருந்தா நம்ம எட்டு மூணு அடி. கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது."

நாடா நாற்பத்தேழு அடி பத்து அங்குலம் காட்டியது. அவரிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "போன வருசம் செவுருக்குப் பூசுனாங்க. அதுல ரெண்டு இஞ்சு போயிருக்கும்" என்றார். அதுதான் சின்னப்பன் மேஸ்திரி. என் அளவை ஒருவர் திருத்தி, அந்தத் திருத்தம் சரியாகவும் இருந்தது அதுவே முதல் தடவை.

முதலாளி கிடங்கோடு என்னென்ன கிடைக்கும் என்று சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். மின்விசிறி இரண்டு. மேடைத் தராசு ஒன்று. சாமி படம் ஒன்று. பிறகு அவர் மூட்டைகளின் பக்கம் கையைக் காட்டி, "இவங்க நாலு பேரு. இவங்களும் கிடங்கோட வர்றாங்க. எங்கப்பா காலத்துல இருந்தே இங்கதான்" என்றார். நான் அதையும் எழுதினேன். "ஆட்கள் – 4." தராசுக்கும் சாமி படத்துக்கும் கீழே எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

ஒரு கிடங்கைக் கடையாக மாற்றுவதற்கு நான் தயாரித்த திட்டத்தில் பதினேழு படிகள் இருந்தன. மிளகாய் அதில் ஒரு படியாகக்கூட இல்லை. அறுபது வருட மிளகாய் அந்தச் சுவர்களுக்குள்ளும் உத்தரங்களுக்குள்ளும் ஊறிக் கிடந்தது. வெள்ளையடிக்க வந்தவர் முதல் நாள் மதியம் ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்தான். ஏணிக்குக்கூட அவர் திரும்பி வரவில்லை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான் மின்விசிறியைப் போட்டேன். மேலே இருந்தது அத்தனையும் கீழே வந்தது. "விசிறிய நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்கு சுவிட்ச் தெரியவில்லை. கண்ணே தெரியவில்லை.

மேஸ்திரிதான் அதற்கு வழி கண்டார். முதலாளியிடம் இருந்த கோணிப்பைகளை எல்லாம் தண்ணீரில் நனைத்து, உத்தரத்துக்கு உத்தரம் கொடி கட்டித் துணி காயப் போடுவதுபோலத் தொங்கவிட்டார். நான்கு நாள் அவை அப்படியே தொங்கின. காலையும் மாலையும் நனைத்தார்கள். தூசி முழுவதும் கோணியில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை நான் உள்ளே நுழைந்து இரண்டு நிமிடம் நின்றும் தும்மவில்லை. "மூச்சு நல்லா இழுங்க சார், வாடகை குடுக்கறீங்க இல்ல" என்றார் மேஸ்திரி.

இதற்கிடையில் கமிட்டி கூடியது. கடைக்கு விற்பனை தெரிந்த, ஆங்கிலம் பேசக்கூடிய இரண்டு பெண்களை எடுக்கலாம், மூட்டை தூக்கும் ஆட்களுக்குக் கடையில் என்ன வேலை என்று பேச்சு வந்தது. துப்புரவு முடிந்ததும் நான்கு பேரையும் மரியாதையோடு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்தோம் என்று எழுதவேண்டும். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். கடிதம் எழுதி அவர்களிடம் கொடுக்கும் பொறுப்பு செயலாளருக்கு. அவர்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். மூன்று தடவை பிரதி எடுத்து, "தங்கள் நீண்ட சேவையை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்" என்ற வரியை மட்டும் நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். பிறகு உறையில் போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று என் நாட்குறிப்பில் "கடிதம் – நாளை" என்று எழுதியிருக்கிறது. மறுநாளும் அதே. பத்தொன்பது நாட்கள் அதே இரண்டு சொற்கள். ஒரு நாள் மட்டும் "கடிதம் – நாளை நிச்சயம்" என்று இருக்கிறது. அன்றைக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்திருக்கிறேன். மேஸ்திரி தன் மகளின் நர்சிங் படிப்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் வருடமாம். கடை திறந்துவிட்டால் வேலைக்குப் பயமில்லை, மூணாம் வருசத்தையும் தாட்டிடலாம் என்றார். நான் நர்சிங் மிகவும் நல்ல படிப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திறப்பு நாள் நெருங்கியது. கூரை வேலைக்கு உதவி செய்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. பதினான்கு அலமாரிகள் செய்யச் சொல்லித் தச்சரிடம் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு அலமாரியும் எங்கே வரவேண்டும் என்று நான் தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்தேன். என் தொழில் அது. மூலைமட்டம் வைத்து வரைந்த நேரான கோடுகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்று முதல் பதினான்கு வரை எண் எழுதினேன். எண்கள் அழகாக இருந்ததை நான் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் அழகாகத்தான் இருந்தன.

திறப்புக்கு முந்தைய நாள் லாரியில் சரக்கு வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து நான் உத்தரத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன். டாக்டர் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். போகும்போது மேஸ்திரியிடம், "கட்டம் போட்டிருக்கேன், நம்பர் போட்டிருக்கேன். அதும்படி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலத்துக்குள் அலமாரிகள் வந்துவிடும் என்று தச்சர் சொன்னதை நம்பி, அலமாரி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

அலமாரிகள் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே போனேன். கடையின் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை ஒரு பெரிய படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் கோளாறு என்று நினைத்துக் கழற்றினேன். படிக்கட்டு அப்படியே இருந்தது. முதல் கட்டத்தில் ஒரே ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. இரண்டாவதில் இரண்டு அடுக்கு மெத்தைகள். மூன்றாவதில் மூன்று. அப்படியே வளர்ந்து, பதினான்காவது கட்டத்தில் கூடைகளும் ஜமக்காளங்களுமாகப் பதினான்கு அடுக்கு உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மண்பானைகள்கூட வைக்கோலுக்கு நடுவே எங்கோ ஓர் அடுக்கில் பத்திரமாக இருந்தன.

கிடங்குக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். தரையில் கட்டம் போட்டு உள்ளே ஓர் எண்ணை எழுதினால், அந்த இடத்தில் அத்தனை அடுக்கு ஏற்றி அட்டி போடவேண்டும் என்று அர்த்தம். இந்தியாவின் எந்தக் கிடங்கிலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாதாம்.

"எளுதுனபடியே அட்டி போட்டாச்சு சார். ஒண்ணுகூட மாத்தல" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. பிறகு என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்த ஒண்ணாம் நம்பர்ல மட்டும் ஏன் சார் ஒத்தப் பாயி? மொத மொத கடை தொறக்கறோம், வாசல்லயே தரித்திரமா கீதே."

"அது அலமாரி நம்பர், மேஸ்திரி."

"எந்த அலமாரி?"

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

லலிதா மேடம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "வரதன் சார், இது உங்க பிளானா?"

"எண்கள் என்னுடையவை, மேடம்" என்றேன்.

கலைத்து அடுக்க நேரம் இல்லை. அம்மையார் வந்துவிட்டார். படிக்கட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். இதில் ஏறவேண்டுமா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு பன்னிரண்டாவது கட்டத்து அட்டியின் நடுவில் இருந்த ஒரு மூங்கில் கூடையைச் சுட்டிக்காட்டி, அதை வாங்கிக்கொள்ளலாமா என்றார். அதன் மேல் ஐந்து வரிசைச் சரக்கு இருந்தது.

மேஸ்திரி தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். அட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவினார். "ரஃபீக், மொழங்கால குடு" என்றார். ரஃபீக் முழங்காலால் முட்டுக் கொடுத்தார். நால்வரில் மற்ற இருவரான முனுசாமியும் அவர் தம்பியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். மேஸ்திரி "ம்" என்றார். கூடை வெளியே வந்தது. அதே மூச்சில் இன்னொரு கூடை அந்த இடத்துக்குள் போனது. மேலே இருந்த எதுவும் அசையவில்லை. அம்மையார் கைதட்டினார். கூட்டமும் கைதட்டியது. அதற்குப் பிறகு அன்று கடைக்கு வந்த ஒருவரும் மேலே இருந்த பொருளைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் இருப்பதுதான் வேண்டியிருந்தது. "ஆண்ட்டி, மேல இருக்கறதும் அதேதான்" என்று ரஃபீக் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் அம்மையார் மேஸ்திரியிடம் வந்து, இங்கே எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"இருபத்திரெண்டு வருசம்னு சொல்லுங்க சார்" என்றார் மேஸ்திரி. என் பையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் எத்தினி வருசம்னு சார்தான் சொல்லணும்னு சொல்லுங்க."

நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

மாலையில் எல்லோரும் போன பிறகு, அவரும் நானும் அந்த ஒற்றைப் பாயில் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கடுதாசி எங்களுக்குத்தானே சார்?"

"எந்தக் கடிதம்?"

"மேடம் வந்தா பையக் கீழ வெக்கறீங்க. நான் வந்தா எடுத்து மடில வெச்சுக்கறீங்க. மூணு வாரமா பாத்துக்கினு கீறேன். துட்டா இருந்தா மேடம் வந்தாலும் மடிலதானே வெப்பீங்க? அப்ப உள்ள கீறது எங்க சமாச்சாரம்."

நான் டீ கிளாஸைப் பாயின் ஓரத்தில் வைத்தேன்.

"நீங்க எளுதுனதா?"

"ஆமாம்."

"கையெளுத்து நல்லா இருக்கும்" என்றார். கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிறகு, பின்னாளில் கடைக்கு வந்த பலரிடமும் அவர் சொன்ன அந்த வார்த்தையை முதலில் என்னிடம்தான் சொன்னார். "தூக்கறது பெரிய வேலை இல்ல சார். எவனும் தூக்குவான். எங்க எறக்கணும்னு தெரியாம நின்னுகினே இருந்தாத்தான் தோள் போயிடும். எங்ககிட்ட எறக்கறதா இருந்தா எறக்குங்க, நாங்க வாங்கிக்கறோம். மேடம்கிட்ட எறக்கறதா இருந்தா அங்க எறக்குங்க. இப்டியே தூக்கிகினு திரியாதீங்க. உங்க ஒடம்பு தாங்காது."

அந்தக் கடிதத்தால் போகப்போவது அவருடைய சோறு. அவர் கவலைப்பட்டது என் தோளைப் பற்றி.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று செயலாளர் வாசிக்கவேண்டும். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். "நான்காம் தீர்மானம் நிறைவேற்றப்படவில்லை. காரணம், செயலாளருக்குத் துணிவு இல்லை."

லலிதா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"துணிவு இல்லேன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, வரதன் சார்?"

"அதைச் சொல்லவும் துணிவு வேணுமே, மேடம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "வெளில நியாய வணிகம்னு போர்டு. உள்ள நாலு பேருக்கு நோட்டீஸ். நானும் கை தூக்கினவதான். பொருளாதாரம் வேற சொல்லிக் குடுத்தேன்" என்றார். நான்கு பேரும் கடையின் ஊழியர்களாகத் தொடர்வார்கள் என்று புதிய தீர்மானம் எழுதினோம். என் வாழ்க்கையில் மிக வேகமாக நான் எழுதிய வரி அது. கையெழுத்துகூடச் சுமாராகத்தான் இருக்கும்.

நேரே கடைக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். "மேஸ்திரி, நீங்க நாலு பேரும் இருக்கீங்க" என்றேன், மூச்சு வாங்க.

"இருக்கமே சார். எங்க போயிட்டோம்?" என்றார். கை மட்டும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. அலமாரிகள் எட்டு நாள் கழித்து வந்தன. அவற்றில் பொருளை ஒன்றுக்கொன்று இடம் விட்டு வைக்கவேண்டும் என்பதை மேஸ்திரியால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. காலியாகக் கிடக்கும் இடத்தைக் கண்டால் அவருக்கு யாரோ பட்டினி கிடப்பதுபோல இருக்கும். லலிதா மேடம் இடைவெளி விட்டு வைத்துவிட்டுப் போவார். மதியத்துக்குள் அது நிரம்பியிருக்கும். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பேரம் பேசுபவர்களைச் சமாளிக்க, பிறகு வேலைக்கு எடுத்த ஆங்கிலம் தெரிந்த அந்த இரண்டு பெண்களும் திணறினார்கள். மேஸ்திரி திணறியதில்லை. ஒருமுறை ஓர் அம்மா ஜமக்காளத்தின் விலையைப் பாதியாகக் கேட்டார். "குடுத்துடலாம்மா. ஒண்ணே ஒண்ணு. இத்த தோள்ல போட்டுகினு கடைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அதுக்கப்புறமும் பாதின்னு தோணுச்சுன்னா பாதி" என்றார். அந்த அம்மாவும் ரோஷத்தோடு தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முக்கால் சுற்றில் நின்றார். "முழுசாவே போடுங்க" என்றார், மூச்சு வாங்கியபடி. அந்த அம்மா பிறகு வருடா வருடம் வந்தார், ஒவ்வொரு தடவையும் மேஸ்திரியிடம் "சுத்தணுமா?" என்று கேட்பார். கன்னடத்தில் பேரம் பேசினால் கன்னடத்தில், உருதுவில் பேசினால் உருதுவில் இதே சுற்றுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு கூடைக் குழுவிடமிருந்து பின்னல் தளர்ந்த சரக்கு வந்தது. ஏழைகள், போகட்டும், எடுத்துக்கொள்வோம் என்று கமிட்டியில் எல்லோரும் உருகினோம். மேஸ்திரி கூடைகளைக் கட்டோடு வெளியே தூக்கி வைத்துவிட்டார். "பாவம்னு வாங்குனா அவன் அடுத்த வாட்டியும் இப்டித்தான் பின்னுவான். நல்லா பின்னத் தெரிஞ்சவன் சார் அவன். திருப்பி அனுப்புங்க, கோவப்படுவான், நல்லா பின்னுவான்" என்றார். அனுப்பினோம். அந்தக் குழுவின் தலைவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மேஸ்திரியோடு வாசலில் அரை மணி நேரம் சண்டை போட்டார். பிறகு இருவரும் ஒன்றாகச் சாப்பிடப் போனார்கள். அடுத்து வந்த கூடைகளில் தண்ணீரே பிடிக்கலாம் போலிருந்தது. நியாய வணிகம் பற்றி நான் படித்த புத்தகங்களில் இது இருந்திருக்கலாம். நான் படித்த பக்கங்களில் இல்லை.

அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கோப்பில் வைத்தேன். எதையும் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மற்ற மூவரிடமும் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. இத்தனை வருடங்கள் ரஃபீக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, முனுசாமி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அவர்களை அனுப்பத் தீர்மானித்து எழுதிய கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி மட்டும் எப்போதாவது என் பையைப் பார்த்து, "எறக்கியாச்சா சார்?" என்பார். "ஆச்சு ஆச்சு" என்பேன்.

நீலசந்திராவில் அவர் வீட்டிலிருந்து வியாழக்கிழமை மதியம் சவப்பெட்டியைக் கிளப்பினார்கள். மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் வந்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளைகள் ஆறு பேர் பெட்டியைத் தூக்க, அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரஃபீக் தாங்கமாட்டாமல் முன்னால் போனார். "வைங்க வைங்க, கீழ வைங்கப்பா. கனம் தலைமாட்டுல கீது, நெட்டையனெல்லாம் கால்மாட்டுல நின்னா எப்டி? மேஸ்திரி பாத்தா இன்னா சொல்வாரு?" பெட்டியை இறக்கி, ஆட்களை உயரப்படி மாற்றி நிறுத்தினார்கள். துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட இதைக் கவனித்துத் தலையாட்டினார்கள். மறுபடி தூக்கியபோது பெட்டி தண்ணீரில் மிதப்பதுபோலப் போனது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் தோள் மாற்றினார்கள். நான் ஒதுங்கி நின்றிருந்தேன். ரஃபீக் திரும்பிப் பார்த்து, "சார், வாங்க. இந்த மூலைக்கு உங்க ஒசரம் சரியா கீது" என்றார். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, என்னால் முடியாது என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல மறுத்துப் பேச வரவில்லை. துண்டை மடித்து என் வலது தோளில் அவரே வைத்தார். பத்து எட்டு நடந்தேன். என் எட்டு மூன்று அடி வராது, இரண்டுதான் வரும். குழி ஓரத்தில் கயிற்றில் இறக்கும்போது முனுசாமி சின்னக் குரலில், மூட்டை இறக்கும்போது அவர்கள் சொல்வதுபோல, "மெல்ல, மெல்ல, ஆங், வந்துட்டுது" என்றார். சத்தமில்லாமல் இறங்கியது. பாதிரியார் ஜெபத்தை ஆரம்பிக்க ஒரு நொடி தாமதித்தார்.

திரும்பி வரும்போது ரஃபீக்கிடம் சொல்லிவிட்டேன். கமிட்டி, தீர்மானம், கடிதம், பத்தொன்பது நாட்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது தெரியுமே சார். கடை தொறந்த அன்னிக்கே மேஸ்திரி சொல்லிட்டாரு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். 'சார் பையில ஒரு கடுதாசிய வெச்சுகினு கஷ்டப்படறாரு, யாரும் கேட்டுத் தொலைக்காதீங்கடா, அவரா எறக்கட்டும்'னாரு." சிறிது தூரம் நடந்தோம். "ரொம்பத்தான் லேட் பண்ணிட்டீங்க சார்" என்றார்.

ஆகவே, இதைப் படிக்கும் உங்கள் முன்னால் அந்தக் கடிதத்தை இறக்கி வைக்கிறேன். இனி அது என் பையில் இல்லை. சின்னப்பன் மேஸ்திரியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, வியாழக்கிழமையிலிருந்து என் வலது தோளில் இருக்கும் ஒரு வலி மட்டும்தான். பத்து எட்டுக்கு இவ்வளவு வலிக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மருமகள் தைலப் பாட்டிலோடு வாசற்படியில் நிற்கிறாள். நாளைக்குத் தடவிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.